கொள்கை மாற்றத்தில் நம் பங்கு எவ்வளவு என்று எப்படி மதிப்பிடுவது?

பலர் சேர்ந்து உழைத்து ஒரு சட்டம் வந்தபின், நம் அமைப்பின் பங்கை எப்படிக் காட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். "சட்டம் வந்ததா, இல்லையா" என்று மட்டும் பார்த்தால் கணக்குத் தப்பிவிடும்.

தகவல் அறியும் உரிமையையே பாருங்கள். ராஜஸ்தானில் மஸ்தூர் கிசான் சக்தி சங்கதன் என்ற தொழிலாளர், விவசாயிகள் அமைப்பு 1990-ல் தொடங்கியது. கூலி சரியாகக் கிடைக்காததுதான் அங்கே முதல் பிரச்சினை. 1994-ல் மக்கள் விசாரணைகள் நடத்தி, மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்தவர்கள் பெயரும் கூலியும் எழுதும் அரசுப் பதிவேட்டை) ஊர் நடுவே உரக்கப் படித்தார்கள். அந்த வேலைக்கே போகாதவர்கள் பெயரில் கூலி எழுதியிருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. இப்படிப்பட்ட பதிவேடுகளின் நகல் கேட்டு 1996-ல் அதே மாநிலத்தின் பியாவர் நகரில் 40 நாள் தர்ணா. தகவல் உரிமைக்கான மாநிலச் சட்டம் 2000-ல், மத்தியச் சட்டம் 2005-ல்.

1998-ல் யாராவது மதிப்பிட்டிருந்தால் 'பலனில்லை' என்றே எழுதியிருக்கக்கூடும். தமிழ்நாட்டிலோ 1997-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனால் தகவல் தர மறுக்க இடம்கொடுக்கும் விலக்குகள் அதில் ஏராளம்.

அதனால் திட்டமிடும்போதே, யாருடைய நடத்தை எப்படி மாற வேண்டும் என்று எழுதிவையுங்கள். பி.டி.ஓ. (வட்டார வளர்ச்சி அலுவலர்) பதிவேடுகளின் நகல் தருகிறாரா? செய்தித்தாள் தானாகவே எழுதுகிறதா? எம்.எல்.ஏ. சபையில் கேட்கிறாரா? இவற்றைத் தேதியோடு அவ்வப்போது குறித்துவந்தால் போதும். அப்புறம், மாற்றத்துக்கு வேறு என்னென்ன காரணம் என்று வெளியாட்களிடம், முக்கியமாக எதிர்த்த அதிகாரிகளிடம், கேளுங்கள். நம்மால் மட்டுமே நடந்தது என்று நிரூபிக்க முயல வேண்டாம். நாம் இல்லாவிட்டால் எது நடந்திருக்காது என்பதைச் சான்றோடு சொல்ல முடிந்தால் சரி.