ஊரில் எத்தனை பேர் ஊசி போட்டால் கொரோனா அடங்கும்?

கொரோனா தடுப்பூசிக்கும் ஊரளவில் தொற்று பரவியதற்கும் உள்ள தொடர்பு பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குத் தொற்றுநோயியல் மருத்துவர் ஒருவர் தரும் பதில்கள்.

கேள்வி (கல்லூரி மாணவி, திருச்சி): ஒரே ஊரில் எல்லாருக்கும் தடுப்பூசி போட்டு, பரவல் குறைகிறதா என்று யாராவது சோதித்திருக்கிறார்களா?

பதில்: சோதித்திருக்கிறார்கள். பிரேசிலின் சாவ் பாவ்லோ மாநிலத்தில் செரானா என்றொரு சிறு நகரம். மக்கள்தொகை சுமார் 45,000. அந்த மாநிலத்தின் தடுப்பூசி ஆய்வு நிறுவனமான புட்டான்டன் 2021 பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை அங்கே 18 வயது நிரம்பியவர்களுக்குக் கொரோனாவேக் ஊசி போட்டது. ஊரை 25 பகுதிகளாகப் பிரித்து, அவற்றை நான்கு தொகுதிகளாக்கி, வாரம் ஒரு தொகுதி என்று முறை வைத்தார்கள். எந்தக் கட்டத்தில் பரவல் அடங்குகிறது என்று கண்டுபிடிக்கத்தான் இந்த ஏற்பாடு. பெரியவர்களில் சுமார் 95 சதவீதம் பேர் போட்டுக்கொண்டார்கள். மூன்று தொகுதிகளுக்கு, அதாவது 75 சதவீதம் பேருக்கு, இரண்டாம் தவணை முடிந்தபோதே பரவல் கட்டுக்குள் வந்துவிட்டது. அறிகுறியுள்ள தொற்று 80 சதவீதமும், மருத்துவமனைச் சேர்க்கை 86 சதவீதமும், இறப்பு 95 சதவீதமும் குறைந்தன. இத்தனைக்கும் ஊராரில் பலர் பக்கத்துப் பெருநகரமான ரிபெய்ராவ் பிரெட்டோவுக்கு அன்றாடம் வேலைக்குப் போய்வருபவர்கள். சுற்றுவட்டாரத்தில் அப்போது தொற்று ஏறிக்கொண்டிருந்தது. இதில் எனக்கு மிகப் பெரிதாகப் படுவது, ஊசியே போடாத சிறுவர்களிடமும் தொற்று குறைந்ததுதான்.

கேள்வி (ஆசிரியர், விருதுநகர்): அப்படியானால் 75 சதவீதத்தையே எல்லா ஊருக்கும் இலக்காக வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. அந்த எண் அந்த ஊருக்கும், அந்த ஊசிக்கும், அன்று அங்கே சுற்றிய காமா என்ற உருமாறிய கொரோனா வகைக்கும் உரியது. எவருக்கும் எதிர்ப்பாற்றல் இல்லாத இடத்தில் ஒரு நோயாளி சராசரியாக மூவருக்குத் தொற்றைக் கொடுப்பார் என்றால், மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்டோருக்குக் காப்பு இருந்தால் பரவல் தேயும். 2020-இல் வந்த முதல் வகை ஏறக்குறைய இந்த அளவில் இருந்தது. டெல்டா ஐந்தாறு பேருக்குக் கொடுத்தது; தேவை 80 சதவீதத்தைத் தாண்டிவிட்டது. அதுவும், ஊசி தொற்றை முழுதாகத் தடுக்கும் என்று வைத்துக்கொண்டால்! எந்தக் கொரோனா ஊசியும் அப்படித் தடுக்கவில்லை. அதனால் ‘இத்தனை சதவீதம் தொட்டால் போதும்’ என்று கோடு கிழிப்பதை நான் ஏற்பதில்லை.

கேள்வி (இல்லத்தரசி, சேலம்): பெரியவர்கள் போட்டுக்கொண்டது, ஊசி போட முடியாத குழந்தைகளுக்கு உதவியதா?

பதில்: நிச்சயமாக. இஸ்ரேலில் 2021 தொடக்கத்தில் 16 வயதுக்கு உட்பட்டோருக்கு ஊசி இல்லை. அங்கே 177 ஊர்களின் தரவை ஆராய்ந்தார்கள். ஊசி போட்டோர் பங்கு 20 சதவீதப் புள்ளி (அதாவது 20-இலிருந்து 40, 40-இலிருந்து 60 சதவீதம் என்று) கூடும்போதெல்லாம், போடாத அந்தப் பிள்ளைகளிடம் தொற்று ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது.

கேள்வி (அரசு ஊழியர், தஞ்சாவூர்): மொத்தக் கணக்கு நன்றாக இருந்தும் சில இடங்களில் பேரழிவு ஏற்பட்டது ஏன்?

பதில்: மொத்தக் கணக்கு ஓட்டைகளை மறைத்துவிடும். ஹாங்காங்கில் 2022 தொடக்கத்தில் பெரியவர்களில் பெரும்பாலோர் ஊசி போட்டிருந்தார்கள். ஆனால் 80 வயதைக் கடந்தவர்களில் பெரும்பாலோர் இரண்டு தவணையும் போட்டிருக்கவில்லை. பக்கவிளைவு பற்றிய அச்சம் ஒரு காரணம். ஓமிக்ரான் முதியோர் இல்லங்களுக்குள் புகுந்தது. சில மாதங்களில் 9,000-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், மிகப் பெரும்பாலோர் முதியவர்கள். உங்கள் ஊராட்சியில் சராசரியைக் கேட்காதீர்கள். எந்தத் தெருவில், எந்த வயதில் விடுபட்டிருக்கிறார்கள் என்று கேளுங்கள்.

கேள்வி (வணிகர், ஈரோடு): அமெரிக்காவில் ஓர் ஊரில் தொற்று வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் ஊசி போட்டவர்களாமே?

பதில்: 2021 ஜூலையில் மாசசூசெட்ஸின் பிராவின்ஸ்டவுனில் நடந்தது, 469 பேரில் 74 சதவீதம். செய்தி சரி, அதிலிருந்து பலர் எடுத்த முடிவு தவறு. ஓர் ஊரில் 1,000 பேர். 900 பேர் போட்டவர்கள், 100 பேர் போடாதவர்கள் என்று கொள்ளுங்கள். போட்டவர்களில் நூற்றுக்கு 2 பேருக்குத் தொற்று வந்தால் 18 பேர். போடாதவர்களில் நூற்றுக்கு 10 என்றால் 10 பேர்தான். நோயாளிகளில் பெரும்பாலோர் போட்டவர்கள். ஆபத்தோ போடாதவருக்கு ஐந்து மடங்கு. பிராவின்ஸ்டவுனில் ஐந்து பேர் மருத்துவமனைக்குப் போனார்கள், எவரும் இறக்கவில்லை. ஆனாலும், போட்டவர்களும் டெல்டாவைப் பரப்பக்கூடும் என்ற எச்சரிக்கை அங்கிருந்து கிடைத்தது.

கேள்வி (ஓட்டுநர், நாகர்கோவில்): பரவலை முழுதாக நிறுத்தாத ஊசியை ஏன் போட வேண்டும்?

பதில்: சாகாமல் இருக்க. ஓமிக்ரான் வந்தபின் பரவலைத் தடுக்கும் திறன் மிகவும் குறைந்துபோனது. கடும் நோயைத் தடுக்கும் திறன் அந்த அளவுக்குக் குறையவில்லை. நம் ஊர்க் கணக்கையே பாருங்கள். 2021 இரண்டாம் அலையின்போது தமிழ்நாட்டுக் காவலர்கள் 1,17,524 பேரின் தரவை ஆராய்ந்தார்கள். ஊசி போடாத 17,059 பேரில் 20 பேர் இறந்தார்கள். ஒரு தவணை போட்ட 32,792 பேரில் 7 பேர். இரண்டும் போட்ட 67,673 பேரில் 4 பேர்.