டொபர்மோரியில் 7 மி.மீ. வெட்சூட் போதுமா?

வணக்கம். ஆகஸ்டில் கனடாவின் டொபர்மோரிக்குச் சென்று, ஹூரான் ஏரியில் மூழ்கிக் கிடக்கும் 'அரேபியா' கப்பலைக் முக்குளித்துக் காண 7 மி.மீ. தடிமனுள்ள வெட்சூட் (உடலை ஒட்டிய, நீர் உட்புகும் முக்குளிப்பு உடை) போதுமா என்று கேட்டிருந்தீர்கள். போதாது என்பதே என் உறுதியான கருத்து. மேற்பரப்பு நீர் இதமாக இருந்தாலும், நன்னீர் 4 டிகிரியில்தான் மிக அடர்ந்து அடியில் தங்குவதால், அக்கப்பல் கிடக்கும் ஏறத்தாழ 33 மீட்டர் ஆழத்தில் கோடையிலும் கடுங்குளிரே நிலவும். மேற்பரப்பைவிட அங்குள்ள நான்கு மடங்கு அழுத்தத்தில், வெட்சூட் செய்யப்படும் நுரை ரப்பரான நியோப்ரீனின் காற்றுக்குமிழிகள் சுருங்கி, காப்பு மிகவும் தேவைப்படும் இடத்திலேயே உடை மெலிந்துவிடும். ஆகவே நீர் உட்புகாத உடையான டிரைசூட்டையே தேர்ந்தெடுங்கள். அதிலும் உடல் வெப்பத்தைக் காப்பது உள்ளே அணியும் கம்பளி ஆடைதான் என்பதால், அதற்குச் செலவிடத் தயங்க வேண்டாம். விரல்கள் மரத்துப்போனால் டிரைசூட்டில் காற்று நிரப்பும் பொத்தானைக்கூட அழுத்த இயலாது. தடித்த கையுறை அவசியம். வாடகைக்கு எடுத்தாலும், ஆழம் குறைந்த இடத்தில் பயிற்சியாளருடன் பழகிய பின்னரே அக்கப்பலுக்கு இறங்குங்கள். கலனிலிருந்து சுவாசிக்கக் காற்றைத் தரும் ரெகுலேட்டர் குளிர்நீருக்கானதுதானா என்றும் விசாரியுங்கள். சாதாரணமானது உறைந்து, காற்றை இடைவிடாமல் வெளியேற்றத் தொடங்கிவிடலாம்.