சருகெறும்பும் சேதுக்கரையும்

வணக்கம் ஐயா,

மழைக்காட்டுச் சருகுக்கு அடியில் வாழும் சிற்றெறும்புகளைப் பற்றி நீங்கள் எழுதியதை எட்டாம் வகுப்பில் வாசித்துக் காட்டினேன். “எங்க பனங்காட்டுச் சருகுக்குள்ளயும் அது இருக்குமா டீச்சர்?” என்று ஒரு மாணவன் கேட்டான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. எனக்கும் ஒரு கேள்வி உண்டு. இலங்கையில் மட்டுமே வாழும் ஒரு சருகெறும்பைக் குறிப்பிட்டிருந்தீர்கள். தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே ஒரு காலத்தில் நிலம் இருந்தது என்கிறார்கள். அப்படியானால் அந்த எறும்பு ஏன் நடந்தே இந்தப் பக்கம் வந்து சேரவில்லை?

– ஓர் ஆசிரியை, உச்சிப்புளி

அன்புள்ள ஆசிரியைக்கு,

இரண்டு கேள்விகளுக்கும் விடை நாம் குடியிருக்கும் இந்தக் கரையிலேயே இருக்கிறது. உங்கள் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன்.

நீங்கள் குறிப்பிடும் எறும்பின் பெயர் அனூரெட்டஸ் சைமோனி. இத்தாலிய அறிஞர் கார்லோ எமெரி 1893ஆம் ஆண்டில் அதை விவரித்தார். மஞ்சள் நிறம் கொண்ட இந்தச் சிற்றெறும்பு ஓர் இனம் மட்டுமன்று, எறும்புக் குடும்பத்தின் பெரும்பிரிவுகளில் ஒன்றான ஒரு முழுத் துணைக்குடும்பத்தில் இன்று உயிரோடு எஞ்சியிருக்கும் ஒரே உறுப்பினர். அதன் உறவினர்களைப் பார்க்க வேண்டுமென்றால், பால்டிக் கடலோரத்தில் கிடைக்கும் அம்பருக்குள், பல கோடி ஆண்டுகளுக்கு முன் மரப்பிசினில் சிக்கிக் கல்லாகிப்போன உடல்களைத்தான் பார்க்க வேண்டும். எறும்பியல் அறிஞர் எட்வர்ட் வில்சன் 1955இல் இதைத் தேடியே இலங்கைக்குச் சென்றார். முதலில் கண்டி நகரை ஒட்டிய உடவத்தைக்கலை காட்டில் தேடிக் கிடைக்காமல், பிறகு இரத்தினபுரிப் பக்கத்தில் கண்டெடுத்தார். அழுகிய மரத்துண்டுகளிலும் ஈரச் சருகிலும் சிறு சிறு கூட்டங்களாக வாழும் இந்த எறும்பு, பெரும்பாலும் அந்தத் தீவின் ஈரமண்டலக் காடுகளில்தான் கிடைத்திருக்கிறது; தீவைவிட்டு வெளியே இதுவரை கண்டறியப்படவில்லை.

நிலம் இருந்தது உண்மைதான். பாக் நீரிணை ஆழமற்ற கடல். பனியூழிக் காலத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன், உலகக் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தபோது, மன்னாரிலிருந்து மண்டபம் வரை கால் நனையாமல் நடந்து வந்திருக்கலாம். ஆனால் கடல் தாழ்ந்திருந்த அதே காலத்தில் தென்மேற்குப் பருவமழையும் நலிந்திருந்தது. வழி திறந்த நாட்களிலேயே அந்த வழி மிகவும் காய்ந்தும் கிடந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்று மனம் கனக்கும். நம் ஊர்ப் புறம்போக்கில் வெயிலில் ஓடித்திரியும் கட்டெறும்பு அந்த நிலத்தை எளிதாகக் கடந்திருக்கும். உடல் சிறுக்கச் சிறுக்க எடைக்கு ஒப்பிடுகையில் மேற்பரப்பு கூடுவதால், ஈரத்தை மிக வேகமாக இழந்துவிடும் கடுகளவு சருகெறும்புக்கு, நிழலும் நனைந்த சருகும் ஓரிடத்திலும் அறுபடாமல் தொடர்ந்தால்தான் அது பாதை.

இது என் ஊகம் மட்டுமன்று. 2004ஆம் ஆண்டு ‘சயின்ஸ்’ இதழில் ஃபிராங்கி போசெய்த் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், மரத்தவளைகள், நன்னீர் நண்டுகள், மண்ணுக்குள் வாழும் பாம்புகள் போன்ற பல உயிர்களின் மரபணுக்களை ஒப்பிட்டு, நிலப்பாலம் பலமுறை தோன்றியிருந்தும் இலங்கையின் ஈரக்காட்டு உயிர்களும் மேற்குத் தொடர்ச்சி மலையின் உயிர்களும் மிகக் குறைவாகவே கலந்திருக்கின்றன என்று காட்டினார்கள். எறும்பு அந்தப் பட்டியலில் இல்லை என்றாலும், ஈரம் நாடும் உயிர்களுக்கு அவர்கள் கண்ட தடை சருகெறும்புக்கும் பொருந்தும் என்றே கருதுகிறேன். இலங்கையின் ஈரமண்டலம் ஆண்டுக்கு 2,500 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெறும் பகுதி. நாமோ ஐப்பசி, கார்த்திகை மழையை நம்பி ஊருணியை நிரப்பிக்கொண்டு, மீதி மாதங்களை அதைக்கொண்டே கழிக்கிறவர்கள்.

சருகெறும்புகளைச் சேகரிக்க விங்க்லர் பை என்றொரு கருவி உண்டு. சலித்த சருகை வலைப்பையில் இட்டு, அதை ஒரு துணிப்பைக்குள் தொங்கவிட்டு, அடியில் சாராயம் ஊற்றிய கிண்ணத்தைக் கட்டிவிடுவார்கள். பொதுவாக 48 மணி நேரம் காத்திருந்தால், சருகு காயக் காய எறும்புகள் ஈரத்தைத் தேடி அலைந்து கிண்ணத்தில் விழுந்துவிடும். சருகு காய்வதை இந்த எறும்பினால் தாங்க முடியாது என்பது ஒன்றை வைத்தே அந்தக் கருவி இயங்குகிறது. ஆனி, ஆடியில் கச்சான் காற்று நம் கரையில் செய்வதும் இதே வேலைதான்.

மலை மேலே ஏறிவிட்டால் தப்பலாமே என்று உங்கள் மாணவன் கேட்கக்கூடும். மேலே ஈரம் உண்டு, ஆனால் குளிர் தடுக்கிறது. வெயில் எட்டாத காட்டுத்தரையில் முட்டையும் புழுவும் வளர்வதற்கு வேண்டிய சூடு கிடைப்பதில்லை. போர்னியோவின் கினபாலு மலையில் நடந்து 1999இல் வெளியான ஓர் ஆய்வு, உயரம் கூடக் கூடச் சருகெறும்பு இனங்களின் எண்ணிக்கை விரைவாகச் சரிவதைப் பதிவு செய்தது. கீழே வறட்சியும் மேலே குளிரும் நெருக்க, இடைப்பட்ட சரிவுகளே இவற்றுக்கு வாழ்நிலம். அதனால்தான் ஒரு சரிவுக் காட்டை வெட்டித் தோட்டமாக்கினால், எறும்பு பக்கத்து மலைக்குப் பெயர்ந்துவிடும் என்று யாராவது சொல்லும்போது என்னால் ஒப்புக்கொள்ள முடிவதில்லை.

இனி மாணவனுக்கு. பனையிலிருந்து விழும் காவோலை மண்ணோடு படியாமல் மேலே விறைத்துக் கிடக்கிறது, பெரும்பாலும் வேலிக்கோ அடுப்புக்கோ போய்விடுகிறது, மிஞ்சியதைக் கறையான் தின்கிறது. அங்கே மலைக்காட்டு இனங்கள் இருக்க வழியில்லை. ஆனால் ஸ்ட்ரூமிஜெனிஸ் என்ற பேரினத்தை அவன் தேடிப் பார்க்கலாம். 800க்கும் மேற்பட்ட இனங்கள் கொண்ட அதில் பெரும்பாலானவை காட்டுச் சருகில் வாழ்பவை என்றாலும், சில இனங்கள் செடிகளின் வேர்மண்ணோடு கப்பலேறி உலகின் பல ஊர்களில் குடியேறியிருக்கின்றன. நீண்ட தாடைகளை உடைய இனங்கள் அவற்றை அகல விரித்தபடி மெல்ல ஊர்ந்து சென்று, ஸ்பிரிங்டெயில் எனப்படும் துள்ளும் சிற்றுயிர் துள்ளுவதற்குள் கவ்விவிடும். இரை இருக்கும் இடம் ஈரமான இடம் என்பதால் கிணற்றடி வாழைப்புதரிலும், குளித்த தண்ணீர் ஓடும் தென்னந்தூரிலும் தேடச் சொல்லுங்கள்.

ஐப்பசி மழை விழுந்து பத்து நாள் கழியட்டும். மாவுச் சல்லடை வேண்டாம், ஒரு சென்டிமீட்டர் கண் உள்ள மணல் சல்லடையில் மட்கிய சருகை அள்ளிப்போட்டு வெள்ளை வேட்டியின் மேல் சலிக்கட்டும். சலித்தவுடன் எதுவும் இல்லை என்று உதறிவிடக் கூடாது. இந்த எறும்பு அதிர்வு பட்டால் கால்களை ஒடுக்கி மண்துகளைப்போல அசையாமல் கிடக்கும். ஐந்து நிமிடம் பொறுத்துப் பார்த்தால், அந்தத் துகள்களில் ஒன்று நடக்கத் தொடங்கலாம்.