வக்கீலுக்கு எதற்குக் கல்?

கேள்வி: ஜெர்மனியில் ஹெர்மன் ரோமர் என்று ஒருவர், ஊர் வரலாறு, புதைபடிவம் என்றே வாழ்ந்தாராம். படித்த சட்டத்தை விட்டுவிட்டுக் கல் பொறுக்கியவரை அறிஞர் என்று கொண்டாடலாமா?
– வாசகர் ஒருவர்

பதில்: சட்டத்தை அவர் எங்கே விட்டார்? 1816-ல் ஹில்டெஸ்ஹைமில் பிறந்து, சட்டம் படித்து, அந்த ஊர் நகராட்சியிலேயே செனட்டராக, அதாவது ஆட்சிமன்ற உறுப்பினராக, இருந்தவர். ஜெர்மன் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தார். கல்லைத் தேடியதெல்லாம் இதற்கு நடுவில்தான்.

‘கல் பொறுக்கியவர்’ என்கிறீர்களே, அதுதான் எனக்கு வருத்தம். ஹில்டெஸ்ஹைமைச் சுற்றியுள்ள குன்றுகள் ஒரு காலத்தில் கடலடியாகக் கிடந்தவை. சாளக்கிராமத்துக்குள் சுருண்டிருக்கிறதே அம்மோனைட் என்ற பழங்காலக் கடலுயிரியின் படிவம், அது அங்கேயும் கிடைக்கும். 1546-லேயே அக்ரிகோலா என்ற ஜெர்மன் அறிஞர் அந்த ஊர்ப் படிவங்களைப் பற்றி எழுதிவிட்டார். 1669-ல் லாக்முண்ட் என்ற உள்ளூர் மருத்துவர் அவற்றுக்கென்றே ஒரு நூல் போட்டார். அந்த ஊரில் பிறந்தவருக்கு ஊர் வரலாறும் படிவமும் வேறு வேறாகத் தெரியுமா என்ன?

இன்னொன்று. ரோமர் சகோதரர் மூவருமே சட்டம் படித்தவர்கள். அண்ணன் ஃப்ரீட்ரிஷ் அடோல்ஃப் அரசுப் பணியில் இருந்தபடியே வட ஜெர்மனியின் ஜுராசிக் படிவங்களை வகைப்படுத்தி 1836-ல் நூல் வெளியிட்டார். தம்பி ஃபெர்டினாண்ட்தான் சட்டத்தை உண்மையிலேயே விட்டவர். 1842-ல் பெர்லினில் முனைவர் பட்டம் பெற்று, டெக்சாஸ் வரை போய்ப் பாறைகளை ஆராய்ந்து, பிரெஸ்லாவில் பேராசிரியரானார். உங்கள் கேள்வி அவருக்குத்தான் பொருந்தும். ஆனால் பேராசிரியரைப் பார்த்து யாரும் அப்படிக் கேட்பதில்லை. பதவி இல்லாதவர் செய்தால் மட்டும் அது பொழுதுபோக்கு ஆகிவிடுகிறது!

ஹெர்மன் சொந்த ஊரோடு இருந்துவிட்டார். 1844-ல், 28 வயதில், நண்பர்களோடு சேர்ந்து இயற்கைக்கும் கலைக்குமாக ஒரு சங்கம் தொடங்கினார். ஊர் அருங்காட்சியகம் அதிலிருந்து பிறந்ததுதான். தோண்டிய இடத்தில் கிடைத்ததெல்லாம் தலைநகரத்துக்கோ பல்கலைக்கழகத்துக்கோ போய்ச் சேர்ந்த காலத்தில், ஊரில் கிடைத்ததை ஊர்ப் பிள்ளைகள் பார்க்க ஓர் இடம் வேண்டும் என்று நினைக்கப் பெரிய மனசு வேண்டும். 1883-ல், 67 வயதிலும், ஹில்டெஸ்ஹைம் நகரின் நிலவியலுக்கென்றே தனி நூல் எழுதினார். 1894-ல் இறந்தார்.

பிற்பாடு பெலிட்ஸேயுஸ் என்ற வணிகர் தன் எகிப்தியச் சேகரிப்பை அந்த நகருக்குக் கொடுத்தார். ஹெமியுனு என்ற பழங்கால எகிப்திய அதிகாரியின் சிலையைப் பார்க்க இன்று உலகெங்கிலுமிருந்து அங்கே வருகிறார்கள். அந்த அருங்காட்சியகத்தின் பெயர்ப் பலகையில் முதலில் இருப்பது ரோமர் பெயர்தான்.