அடைக்கோழி: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

சிங்கப்பூரின் செம்பவாங் கம்பத்தில், அதாவது கிராமத்தில், அம்மா முட்டைகளைக் கோழிக்கு அடியில் அடை வைத்துக் குஞ்சு பொரிக்க விட்டதைப் பார்த்து வளர்ந்தவள் நான். இப்போது தரைவீட்டுப் பின்பக்கம் ஆறு பெட்டை, ஒரு சேவல். ஒரு மாலை முழுக்க உட்கார்ந்து பதில் சொல்கிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். கேள்விக்கு முன்னால் ஒன்று: முட்டையிலிருந்து கையை எடுங்கள். இதை இன்னும் பத்து முறை சொல்வேன்.

ஹவ்காங்கிலிருந்து ஒரு தம்பி: அக்கா, என் நாட்டுக்கோழி மூன்று நாளாகக் கூட்டை விட்டு எழவே இல்லை. கிட்டப் போனால் உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு கொர்ரென்கிறது. நோயா, அடையா? அடை என்றால் நான் என்ன செய்ய வேண்டும்?

அடைதான், தம்பி. வயிற்றுப் பக்கம் இறகை அதுவே பிடுங்கியிருக்கும், தொட்டால் தோல் சுடும். நாளுக்கு ஒரு முறை இறங்கி, நாற்றம் தாங்காத பெரிய எச்சமாகப் போட்டுவிட்டு ஓடிப்போய் உட்காரும். இதெல்லாம் இருந்தால் சந்தேகமே வேண்டாம். நோய்க்கோழி சிலிர்த்துக்கொண்டு சண்டைக்கு வராது, சோர்ந்து கண்ணை மூடிக்கொண்டிருக்கும்.

உடனே முட்டையை வைத்துவிடாதீர்கள். சில கோழிகள் இரண்டு நாள் ஆசையாக உட்கார்ந்துவிட்டு எழுந்து போய்விடும். இரண்டு மூன்று கோல்ஃப் பந்தை வைத்துவிட்டு இன்னும் இரண்டு ராத்திரி பாருங்கள். ராத்திரியும் அதே கூட்டில் இருந்தால் நம்பலாம்.

அதற்குள் சேவலோடு கூடிய பெட்டையின் முட்டைகளைச் சேர்த்து வையுங்கள். இங்கேதான் நம் ஊரில் ஒரு சிக்கல். புத்தகத்தில் ஏழு முதல் பத்து நாள் வரை சேர்க்கலாம் என்று போட்டிருக்கும். அது 15 டிகிரிக்குப் பக்கத்தில் குளிரும் அறைக்குச் சொன்னது. நம் அடுப்படியில் 30 டிகிரி. அந்தச் சூட்டில் கரு அரைகுறையாக வளரத் தொடங்கும், பிறகு செத்துப்போகும். குளிர்பதனப் பெட்டியும் ஆகாது, அது மிகவும் குளிர்ச்சி. நான் ஏர்கான் அறையில், கூர்முனை கீழே இருக்கும்படி, நான்கைந்து நாள் மட்டும் வைப்பேன். கழுவுவதே இல்லை. முட்டைமேல் இருக்கும் மெல்லிய பூச்சு போய்விட்டால் கிருமி உள்ளே போகும். அழுக்கு முட்டையை ஆம்லெட்டுக்கு ஒதுக்கிவிடுவேன்.

அடைக்கு இடம் தனியாக, இருட்டாக, மழைச் சாரல் படாததாக இருக்கட்டும். பழைய பேசின் ஒன்றில் கொஞ்சம் மண்ணைக் குழிவாக அழுத்தி, மேலே காய்ந்த புல். கோழியை ராத்திரியில் தூக்கி மாற்றுங்கள். பகலில் மாற்றினால் பழைய இடத்துக்கே ஓடும். முட்டைகளில் பென்சிலால் தேதி போட்டு, எல்லாவற்றையும் ஒரே ராத்திரியில் வையுங்கள். நாளுக்கு ஒன்றாகச் சேர்த்தால் முதல் குஞ்சு வெளியே வந்ததும் தாய் அதன் பின்னால் போய்விடும், மீதியெல்லாம் வீண். நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை வரை அணைக்கும். முதல் தடவை என்றால் எட்டு போதும்.

அப்புறம் 21 நாள். திருப்புவது, சூடு பார்ப்பது எல்லாம் அதன் வேலை. தீவனமும் தண்ணீரும் நாலடி தள்ளி வையுங்கள், எழுந்து நடந்தால்தான் எச்சம் கூட்டுக்கு வெளியே விழும். இருபது நிமிடம் வெளியே சுற்றினால் பயப்படாதீர்கள்.

கம்பிவலை மட்டும் கெட்டியாக இருக்கட்டும். உடும்பு முட்டைக்கு வரும், மலைப்பாம்பு கோழிக்கே வரும். இரண்டுக்கும் நம் சாக்கடைதான் நெடுஞ்சாலை.

ஈசூனிலிருந்து: பேரங்காடியில் வாங்கிய முட்டையை அடை வைத்தால் பொரிக்குமா?

பொரிக்காது. முட்டைப் பண்ணையில் சேவலே கிடையாது.

அங் மோ கியோ: வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டில் இருக்கிறோம். பால்கனியில் ஒரே ஒரு கோழி வைத்து...

அடுக்குமாடி வீவக வீட்டில் கோழி வளர்க்க அனுமதி இல்லை. தரைவீடு என்றால் பத்துப் பறவை வரை, வெளிப் பறவைகள் நுழையாதபடி வலையும் கூரையும் போட்டு. குஞ்சுகளையும் சேர்த்துத்தான் பத்து. என்னைக் கெஞ்சிப் பயனில்லை, தேசியப் பூங்காக் கழகத்தைக் கேளுங்கள்.

புக்கிட் பாஞ்சாங்: பேரங்காடியில் 'கம்போங் முட்டை' என்று எழுதியிருக்கிறதே, அதுவாவது?

அட்டையில் கம்பம் இருந்தால் சேவல் வந்துவிடுமா? மேலே ஈசூன்காரருக்குச் சொன்ன பதில்தான்.

சிராங்கூன் கார்டன்ஸ்: முட்டைக்குள் கரு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

ஏழாம் நாள் ராத்திரி, இருட்டறையில், முட்டையின் அகன்ற முனையில் டார்ச்சை ஒட்டிப் பிடியுங்கள். நடுவில் ஒரு புள்ளியும் அதிலிருந்து சிலந்திக் கால்போல் சிவப்பு நரம்புகளும் தெரிந்தால் கரு. தெளிவாக மஞ்சளாக இருந்தால் கூமுட்டை. நரம்பில்லாமல் ரத்த வளையம் மட்டும் தெரிந்தால் கரு தொடங்கிச் செத்திருக்கிறது. வேண்டுமானால் பதினான்காம் நாள் இன்னொரு முறை. பதினெட்டாம் நாளுக்குப் பிறகு தொடவே கூடாது. கை, கை!

பொத்தோங் பாசிர், ஓர் ஐயா: அம்மா, எல்லாம் சொன்னீர்கள், முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். முட்டையை ஒற்றைப்படையில் வைக்க வேண்டும். இடிக்கு இரும்பாணியும் கரித்துண்டும் போட வேண்டும். போன தடவை மகன் சிரித்ததால் போடவில்லை. பெரிய இடி. பத்தில் ஏழு கூமுட்டை.

ஐயா, இடியால் முட்டை கெடும் என்றால் சிங்கப்பூரில் ஒரு மைனாகூட மிஞ்சியிருக்காது. ஏப்ரல், மே மாதங்களிலும் அக்டோபர், நவம்பரிலும் மத்தியானம் ஆனால் இடிதான். உபின் தீவில் காட்டுக்கோழி எந்த ஆணியை வைத்துக்கொண்டு பொரிக்கிறது? மழையோடு சாரல் வந்து கூடு நனைந்திருக்கும், கோழி மிரண்டு எழுந்து போயிருக்கும்.

அதே ஐயா: கூடு நனையவில்லை. கோழியும் எழவில்லை. என் பாட்டி தஞ்சாவூர்ப் பக்கம். அவர் சொன்னது பொய்யா?

பாட்டியைப் பொய் என்று யார் சொன்னது? ஒற்றைப்படைக்குக்கூட ஒரு நியாயம் சொல்லலாம்: ஏழு முட்டை என்றால் நடுவில் ஒன்று, சுற்றி ஆறு, இடைவெளி இல்லாமல் உட்காரும். எட்டாவது ஒதுங்கி நிற்கும். பெரிய கோழிக்கு அது ஒரு பொருட்டில்லை. சரி, இதைச் சொல்லுங்கள்: அந்தப் பத்து முட்டையும் எத்தனை நாள் சேர்த்தது?

தோ பாயோவிலிருந்து இடையில் ஒருவர்: ஐயா சொல்வது சரி. எங்கள் வீட்டிலும் ஆணி வைப்போம். கூர் முட்டையில் சேவலும் உருண்டை முட்டையில் பெட்டையும் வரும் என்பதும் உண்மைதான்.

அது உண்மை இல்லை. ஆணா பெண்ணா என்பது தாயிடமிருந்து வரும் குரோமோசோமால், ஓடு உருவாகும் முன்பே தீர்ந்துவிடுகிறது. ஓட்டின் வடிவத்துக்கு அதில் வேலையே இல்லை. நடுவில் புகுந்து குழப்பாதீர்கள், நான் ஐயாவைக் கேட்டேன்.

பொத்தோங் பாசிர் ஐயா: பன்னிரண்டு நாள் இருக்கும். அடுப்படி மேடையில்தான் இருந்தது.

அப்புறம் இடிமேல் ஏன் பழி?

தோ பாயோ: உங்கள் அம்மா ஆணி வைத்தாரா இல்லையா, அதைச் சொல்லுங்கள்.

வைத்தார். நானும் வைக்கிறேன், துருப்பிடித்த ஒன்று, அவருடையதே. முட்டைக்காக இல்லை. அடுத்த கேள்வி.

உட்லண்ட்ஸ்: குஞ்சு ஓட்டில் ஓட்டை போட்டு ஆறு மணி நேரமாக அப்படியே இருக்கிறது. உரித்து உதவட்டுமா?

வேண்டாம்! முதல் ஓட்டைக்குப் பிறகு 12 முதல் 24 மணி நேரம் ஆவது சாதாரணம். அந்த நேரத்தில்தான் ஓட்டின் உள்தோலிலுள்ள ரத்தத்தையும் மிச்ச மஞ்சள் கருவையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. நீங்கள் உரித்தால் ரத்தம் கசியும். உதவி செய்து நான் கொன்றது இரண்டு குஞ்சு, பதினாறு வயதில். பொரித்த குஞ்சுக்கும் உடனே தீனி திணிக்க வேண்டாம், அந்த மஞ்சள் கரு இரண்டு நாள் தாங்கும்.

ஜூரோங்: பேரங்காடி முட்டை...

மேலே.

பாசிர் ரிஸ்: புளோக்குக்குக் கீழே புதரில் ஒரு கோழி ஏழு முட்டைமேல் உட்கார்ந்திருக்கிறது. வீட்டுக்குக் கொண்டுவந்து காப்பாற்றலாமா?

அது காப்பாற்றச் சொல்லிக் கேட்டதா? காட்டுக்கோழியாக இருந்தால் வனவிலங்குச் சட்டம் வேறு இருக்கிறது. சுற்றி நின்று படம் எடுக்காமல் இருப்பதே உதவி.

பிடோக்: எனக்குக் குஞ்சு வேண்டாம், முட்டைதான் வேண்டும். அடையை எப்படித் தெளிய வைப்பது? ஊரில் மூக்கில் இறகு குத்துவார்கள், தண்ணீரில் முக்குவார்கள்.

இரண்டும் வேண்டாம், பாவம். கம்பித் தரை உள்ள கூண்டைச் செங்கல்மேல் தூக்கி வைத்து, கீழே காற்றோட்டமாக, வைக்கோல் எதுவும் போடாமல், தீனி தண்ணீரோடு மூன்று நாள் விடுங்கள். வயிற்றுச் சூடு தணிந்தால் எண்ணமும் தணியும்.

தெம்பனிஸ், ஒரு சிறுவன்: ஆன்ட்டி, பேரங்காடிக் காடை முட்டை பொரிக்குமா?

இப்படி ஒருவன் கேட்பான் என்று தெரியும். கோழி முட்டைக்கு நான் சொன்னது சொன்னதுதான். காடைப் பண்ணையில் மட்டும் சில சமயம் ஆண் கலந்துவிடும். கடையில் வாங்கியது பொரித்ததும் உண்டு, 17, 18 நாளில். ஆனால் கோழிக்கு அடியில் வைக்காதே கண்ணா, அதன் கனத்தில் ஓடு நொறுங்கிவிடும். அப்பாவிடம் கேட்டுவிட்டு, நீங்கள் இருப்பது வீவக வீடா தரைவீடா என்று எனக்குச் சொல்.