பழைய தேதி போட்ட பத்திரம்

கேள்வி: உசிலம்பட்டி பக்கம் எங்கள் ஊர். கல்யாணமாகி 9 வருடம், ஒரு மகள். கணவர் துணை ராணுவத்தில் இருக்கிறார். அசாமில் டூட்டி பார்த்த இடத்தில் போன வருடம் ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டார். அங்கே கைக்குழந்தையும் இருக்கிறது. "மூணு லட்சம் தர்றோம், அத்துவிட்டதா எழுதிக் கொடு" என்று மாமனார் 20 ரூபாய் பத்திரத்தோடு வந்து நிற்கிறார். அதில் தேதி இரண்டு வருடம் முந்தியது. கையெழுத்துப் போடலாமா?

பதில்: போடாதீர்கள், சகோதரி. அந்தத் தேதியில்தான் சூட்சுமமே இருக்கிறது. இந்து திருமணச் சட்டத்தின் 29(2) பிரிவு, வழக்கப்படி அத்துவிடுவதை, அதாவது நீதிமன்றம் போகாமலே விவாகரத்து செய்துகொள்வதை, ஏற்கிறது. உங்கள் சமூகத்தில் அந்த வழக்கம் உண்டென்று நிரூபித்துவிட்டால், அசாம் கல்யாணத்துக்கு முன்பே நீங்கள் பிரிந்துவிட்டதாக ஆகிவிடும். அவர் செய்தது குற்றமே இல்லை என்றாகிவிடும். பத்திரத்தைத் திருப்பிப் பாருங்கள். முத்திரைத்தாள் விற்றவர் போட்ட தேதி அநேகமாகப் போன மாதமாக இருக்கும். முடிந்தால் செல்போனில் இருபக்கமும் படம் எடுத்து வையுங்கள்.

நீங்கள் உயிரோடு, விவாகரத்தும் ஆகாமல் இருக்கும்போது அவர் செய்த கல்யாணம் செல்லாது. பாரதிய நியாய சன்ஹிதா 82-ஆவது பிரிவின்படி ஏழு வருடம் வரை சிறை. முதல் கல்யாணத்தை மறைத்து அந்தப் பெண்ணை ஏமாற்றியிருந்தால் பத்து வருடம் வரை. வழக்குப் போட அசாம் போக வேண்டியதில்லை. நீங்கள் இருவரும் கடைசியாகச் சேர்ந்து வாழ்ந்த ஊர் நீதிமன்றமே போதும். ஆனால் ஜோடியாக நிற்கும் வாட்ஸ்அப் போட்டோவை மட்டும் வைத்துக்கொண்டு போனால் நிற்காது. அங்கே முறைப்படி சடங்கு நடந்ததற்குச் சாட்சி வேண்டும். நிறைய வழக்குகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன.

சரி, அவருடைய மேலதிகாரிக்கு எழுதலாமா? எழுதலாம், இரண்டாம் கல்யாணத்துக்குப் பணி விதிகளில் தடை உண்டு. ஆனால் வேலை போனால் சம்பளமும் போகும், உங்கள் ஜீவனாம்சமும் அதிலிருந்துதான் வர வேண்டும். அதனால் முதலில் உங்களுக்கும் மகளுக்கும் ஜீவனாம்ச மனு போடுங்கள்; அதை உங்கள் ஊர்ப் பக்கத்து நீதிமன்றத்திலேயே போடலாம். உத்தரவு கையில் வந்தபிறகு புகாரைப் பற்றி யோசிப்போம்.

அசாமில் பிறந்த பிள்ளை மேல் கோபம் வேண்டாம். அந்தத் திருமணம் செல்லாவிட்டாலும் இந்து திருமணச் சட்டத்தின் 16-ஆவது பிரிவுப்படி அது சட்டப்பூர்வமான பிள்ளை. அப்பா சொத்தில் அதற்கும் பங்கு உண்டு. குடும்ப ஓய்வூதியத்தில் மனைவி என்ற உரிமை மட்டும் உங்களுடையது.

வக்கீல் ஃபீஸுக்குப் பயப்பட வேண்டாம். வருமானம் எவ்வளவாக இருந்தாலும் பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்கு அழையுங்கள். மாமனார் மறுபடி வந்தால், "வக்கீலைக் கேட்டுச் சொல்றேன் மாமா" என்று சொல்லி அனுப்புங்கள்.