கேம்ப் காசை வாங்காதீர்கள் தம்பி: கல்லூரி பேஸ்பால் கோச் ஆக நினைப்பவருக்கு

தம்பிக்கு வணக்கம்.

மதுரையில் கல்லூரி அணிக்கு கிரிக்கெட் ஆடி, பி.பி.எட். முடித்து, இப்போது ஒஹாயோவில் ஸ்போர்ட்ஸ் மேனேஜ்மென்ட் முதுகலை படிக்க வந்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். என்றைக்காவது ஒரு கல்லூரி பேஸ்பால் அணிக்கு ஹெட் கோச் ஆக வேண்டும் என்பது ஆசை. ரூம் வாடகை எவ்வளவு, குளிருக்கு என்ன ஜாக்கெட், பொன்னி அரிசி எங்கே கிடைக்கும் என்றும் கேட்டிருக்கிறீர்கள். கடைசியில் போகிறபோக்கில் ஒரு வரி: "இங்கே பழக்கமான அண்ணன் ஒருவர், கோடையில் நடக்கும் பேஸ்பால் கேம்ப்பில் சின்னப் பசங்களுக்குச் சொல்லிக்கொடுக்கக் கூப்பிடுகிறார், கையில் பணமாகவே தருவார்களாம், போகலாமா?"

அரிசியும் வாடகையும் உங்கள் கல்லூரியில் படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். நான் எழுத உட்கார்ந்தது அந்தக் கடைசி வரிக்காக. போகாதீர்கள்.

கல்லூரி மைதானத்தில் நடக்கும் கேம்ப் எல்லாம் கல்லூரி நடத்துவதல்ல. பல இடங்களில் ஹெட் கோச் தன் பெயரில் ஒரு தனி நிறுவனம் பதிந்து வைத்து, மைதானத்தை வாடகைக்கு எடுத்து நடத்துவார். இடம் கல்லூரியுடையது, சம்பளம் கொடுக்கும் கை வேறு. மாணவர் விசாவான எஃப்-1-ல் தனி அனுமதி இல்லாமல் செய்யக்கூடியது கல்லூரி வளாக வேலை மட்டும்தான்; அதுவும் வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரம். கோச்சின் தனி நிறுவனத்தில் வேலை பார்த்தால் அது வெளிவேலை. சி.பி.டி. (படிப்பின் பகுதியாக வெளியில் வேலை பார்க்கும் அனுமதி) அல்லது ஓ.பி.டி. (படித்த துறையில் தற்காலிகமாக வேலை பார்க்கும் அனுமதி) இல்லாமல் அதைத் தொட்டால் உங்கள் எஃப்-1 தகுதியே போய்விடும். "பணம் வாங்காமல் சும்மா செய்து கொடுக்கிறேன்" என்பதும் காப்பாற்றாது. மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யவைக்கும் வேலையை நீங்கள் இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான்.

கையில் வாங்கும் பணத்துக்குத் தடயம் இல்லை என்று நினைக்க வேண்டாம். கேம்ப் இணையதளத்தில் பயிற்சியாளர் பட்டியல் இருக்கும், படம் இருக்கும், காப்பீட்டுக்காகப் பெயர் எழுதிக் கொடுத்திருப்பார்கள். உங்களுக்குக் கொடுத்த பணத்தை வரிக் கணக்கில் காட்டும் 1099 படிவம் அனுப்பினால் அதுவே ஆவணம். பின்னால் கிரீன் கார்டு விண்ணப்பத்தில், அனுமதியில்லாமல் எப்போதாவது வேலை பார்த்தீர்களா என்று நேராகவே கேட்கிறார்கள். அங்கே பொய் சொன்னால் முதல் தவறைவிடப் பெரிய தவறு.

"யாரும் கேட்க மாட்டாங்க தம்பி" என்று தைரியம் சொல்கிறவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் கிரீன் கார்டோ குடியுரிமையோ கையில் இருப்பவர்கள். மாட்டிக்கொண்டால் ஊருக்கு டிக்கெட் போடப் போவது அவர்கள் இல்லை. நம்மவர்களிடம் எனக்கு உள்ள பெரிய மனத்தாங்கல் இதுதான்: பிழைக்கத் தெரிந்தவன் என்ற பெயருக்காகப் புதிதாக வந்த பிள்ளைகளுக்குக் குறுக்குவழி காட்டுகிறார்கள்.

முறையான வழி இருக்கிறது. ஒரு கல்வியாண்டு முடிந்தபின், உங்கள் பாடத்திட்டத்தோடு இணைந்த இன்டர்ன்ஷிப் பாடமாகப் பதிந்து சி.பி.டி. கேளுங்கள். வேலை தரும் நிறுவனத்தின் பெயர், இடம், தொடங்கும் நாள், முடியும் நாள் எல்லாம் ஏறிய புதிய ஐ-20, அதாவது கல்லூரி தரும் மாணவர் தகுதிச் சான்று, கைக்கு வர வேண்டும். அதில் உள்ள தேதிக்கு ஒரு நாள் முன்னால்கூட மைதானத்தில் பந்து பொறுக்கக் கூடாது. கல்லூரியே நடத்தி, கல்லூரியின் சம்பளப் பட்டியல் வழியாகவே பணம் தரும் கேம்ப் என்றால் கதை வேறு. அதையும் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தில் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

இதை இவ்வளவு நீட்டக் காரணம், இந்தத் தொழிலின் கீழ்ப்படிகள் எல்லாமே குறைந்த சம்பளத்தாலும் கேம்ப் காசாலும் கட்டியவை. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ. அமைப்பின் மேல்தட்டான டிவிஷன் 1 பேஸ்பாலில் 2023 வரை ஒரு ஹெட் கோச், சம்பளம் வாங்கும் இரண்டு உதவியாளர்கள், 'வாலன்டியர்' உதவியாளர் ஒருவர் என்பதுதான் விதி. அந்த நாலாவது ஆள் மற்ற மூவரைப் போலவே நாள் முழுக்க மைதானத்தில் நிற்பார், கல்லூரியிடமிருந்து சம்பளம் கிடையாது. கேம்ப் காசும் தனிவகுப்புக் காசும்தான் அவருக்குச் சோறு. எத்தனையோ நல்ல பயிற்சியாளர்கள் நண்பன் வீட்டு சோபாவில் படுத்து அந்த வருடங்களைத் தள்ளினார்கள். 2023 ஜூலை 1 முதல் அந்தப் பதவியை எடுத்துவிட்டு, மூன்று உதவியாளர்களுக்கும் சம்பளம் கொடுக்கலாம் என்று மாற்றினார்கள். கொடுக்கலாம் என்றுதான் விதி. நிறையக் கொடுக்க வேண்டும் என்று இல்லை. உள்ளூர்ப் பையன் இந்த வருடங்களைக் கேம்ப் நடத்தித் தாண்டுவான். விசாவில் இருப்பவருக்கு அந்தப் பாலம் கிடையாது.

எவ்வளவு நீளமான பாதை என்பதற்கு டோனி விட்டெல்லோவைப் பாருங்கள். மிசௌரி, டி.சி.யூ., ஆர்கன்சா என்று மூன்று பல்கலைக்கழகங்களில் உதவியாளராகவே பதினைந்து வருடம் போல் கழித்தபின்தான் 2017-ல் டென்னசியில் ஹெட் கோச் ஆனார். 2024-ல் தேசிய பட்டம். 2025 அக்டோபரில் தொழில்முறை அணியான சான் பிரான்சிஸ்கோ ஜயன்ட்ஸ் அவரை மேனேஜராக (அங்கே ஹெட் கோச்சுக்கு அதுதான் பெயர்) எடுத்தது. அவர் சம்பாதித்த பெயர் முதலில் வீரர்களைப் பிடித்துக் கொண்டுவரும் ரிக்ரூட்டராகத்தான்.

நீங்கள் தொடங்க வேண்டிய இடம் டிவிஷன் 1 அல்ல. டிவிஷன் 3, சிறிய கல்லூரிகளின் தனி அமைப்பான என்.ஏ.ஐ.ஏ., இரண்டு வருட ஜூனியர் காலேஜ்கள், இவைதான். ஆள் குறைவு, அதனால் எல்லா வேலையும் கைக்கு வரும். கிராஜுவேட் அசிஸ்டன்ட், இங்கே ஜி.ஏ. என்பார்கள், அந்த இடம் கிடைத்தால் பல இடங்களில் படிப்புக் கட்டணத்தில் சலுகையும் கொஞ்சம் உதவித்தொகையும் வரும். கையெழுத்துப் போடும்முன் ஒன்றைக் கணக்குப் பாருங்கள். 20 மணி நேரம் என்பது வளாக வேலைகள் எல்லாம் சேர்த்து. ஜி.ஏ. 20, கேன்டீனில் 8 என்றால் 28, தகுதி போச்சு. பேஸ்பால் வேலையோ 20 மணி நேரத்தில் அடங்காத வேலை. வெளியூர்ப் பேருந்துப் பயணம், வீடியோ வெட்டுவது, மழைக்குத் தார்ப்பாய் போர்த்துவது எதையெல்லாம் கணக்கில் எழுதுவது என்று சேரும்முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சேர்ந்தபின் கேட்டால் சோம்பேறி என்பார்கள்.

இனி கை வேலை. "பேஸ்பால்தானே, கிரிக்கெட்டின் தம்பி" என்று வார இறுதி கிரிக்கெட் லீக் அண்ணன்கள் சொல்வதை நம்பி மைதானத்துக்குள் போகாதீர்கள். புதிய உதவியாளரிடம் முதல் வாரத்தில் பார்ப்பது இரண்டே விஷயம்: பேட்டிங் பிராக்டிஸுக்குப் பந்து எறியத் தெரியுமா, ஃபங்கோ அடிக்கத் தெரியுமா.

பேட்டிங் பிராக்டிஸுக்கு 35 முதல் 40 அடி தூரத்தில், எல்-ஸ்கிரீன் என்ற வலைத் தடுப்புக்குப் பின்னால் நின்று எறிய வேண்டும். நேராக, இடுப்பு உயரத்தில், ஒரே வேகத்தில் நூற்றைம்பது பந்தாவது. கிரிக்கெட் ஃபீல்டர் அவசரத்தில் பக்கவாட்டில் எறிகிற பழக்கம் இங்கே கெடுதல். பந்து வளைந்து பேட்டர் உடம்பைத் தேடிப் போகும். மேலிருந்து வரும் கை, நாலு தையலும் குறுக்கே வரும்படி விரல். பாவம் என்று மெதுவாகத் தூக்கிப் போட்டாலும் பேட்டரின் நேரக்கணக்கு கெட்டுவிடும். பந்து கையை விட்டதும் உடம்பு முழுவதும் வலைக்குப் பின்னால் வந்துவிட வேண்டும். எப்படிப் போனது என்று எட்டிப் பார்க்கிறவருக்குத்தான் முகத்தில் அடி விழும்.

ஃபங்கோ என்பது 35, 36 அங்குல நீளத்தில் மெலிந்த, எடை குறைந்த மட்டை. பந்தை நாமே மேலே போட்டு ஃபீல்டர்களுக்கு அடிப்பது. நேர் மட்டை ஆடிப் பழகிய கை முதலில் தடுமாறும். தரைப் பந்துக்குப் பந்தின் மேல் பாதியில் தட்ட வேண்டும். எல்லாவற்றிலும் கஷ்டம், கேட்சருக்கு நேர் மேலே செங்குத்தாக ஏற்றுவது. பந்தின் அடியை மெல்லச் சீவினால்தான் ஏறும். அதைத் தனியாக ஒரு மாதம் பழகுங்கள்.

எறிதல் விஷயத்தில் இன்னொன்று. எல்லைக் கோட்டிலிருந்து கீப்பர் கைக்கு ஒரே எறி என்பது கிரிக்கெட்டில் அழகு. பேஸ்பாலில் வெளி ஃபீல்டர் அப்படி உயரமாக எறிந்தால், பந்து காற்றில் இருக்கும்போதே பின்னால் வருகிற ஓட்டக்காரர் இன்னொரு பேஸ் எடுத்துவிடுவார். நடுவில் நிற்கும் கட்-ஆஃப் ஆளின் முகத்துக்கு நேராக எறியச் சொல்ல வேண்டும். தேவைப்பட்டால் அவர் பிடிக்கவும், இல்லையென்றால் அப்படியே போகவிடவும் முடிகிற உயரத்தில் பந்து வர வேண்டும்.

ஜாக்கெட் கேட்டீர்களே, அதற்குப் பதில் இங்கேதான் வருகிறது. டிவிஷன் 1 சீசன் பிப்ரவரி நடுவில் தொடங்கும், 56 ஆட்டம். ஒஹாயோவில் அப்போது பனி. வடக்குக் கல்லூரிகள் முதல் சில வாரங்கள் தெற்கே பேருந்தில் போய் ஆடிவிட்டு வரும். மார்ச்சில் ஊர் திரும்பி டபுள்ஹெடர், அதாவது ஒரே நாளில் இரண்டு ஆட்டம், ஆடும்போது ஏழு மணி நேரம் வெளியில் நிற்பீர்கள். தடித்த ஒரே ஜாக்கெட்டில் கை தூக்கி எறிய முடியாது. மெல்லிய உள்சட்டை மேல் சட்டையாக அடுக்குங்கள்.

ஹெட் கோச் நாற்காலியில் உட்கார்ந்தவரின் நாள் பெரும்பாலும் மட்டையோடும் பந்தோடும் போவதில்லை. ஆளையும் பணத்தையும் எண்ணுவதில் போகும். நெடுங்காலம் டிவிஷன் 1-ல் ஓர் அணிக்கு 11.7 முழு ஸ்காலர்ஷிப்புக்குச் சமமான பணம்தான். அதை 27 பேர் வரைக்கும் பிரிக்கலாம், ஒருவருக்குக் குறைந்தது 25 சதவீதம். நாலு பிட்சர்களுக்கு 60 சதவீதம் கொடுத்தால் 2.4 காலி. 2025 ஜூனில் நீதிமன்றம் ஒப்புதல் தந்த, என்.சி.ஏ.ஏ. மீது வீரர்கள் போட்ட 'ஹவுஸ்' வழக்கின் சமரசத்துக்குப் பின், அதில் சேர்ந்த கல்லூரிகளில் ஸ்காலர்ஷிப் எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை, அணிக்கு 34 பேர் என்ற வரம்பு வந்தது. முன்னே காசுக்குள் ஆளை அடக்கினார்கள், இப்போது ஆளை வெட்டுகிறார்கள். டிவிஷன் 2-ல் 9, என்.ஏ.ஐ.ஏ.வில் 12 என்ற பின்னக் கணக்கு இன்னும் இருக்கிறது. நீங்கள் முதலில் கற்க வேண்டியது அது. இதோடு, ஜூலையில் தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் 20 சுற்று டிராஃப்ட்டில் யார் போவார், வேறு கல்லூரிக்கு மாற டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில் யார் பெயர் கொடுப்பார் என்று ஊகித்து மாற்றாள் பார்த்து வைக்க வேண்டும். படிப்புப் பக்கம், அணியின் கல்வி முன்னேற்றத்தை அளக்கும் ஏ.பி.ஆர். மதிப்பெண் 930-க்குக் கீழே போனால் பொறுப்பு ஹெட் கோச்சுடையது.

ஒரு விஷயத்தில் மட்டும் இப்போதே உறுதி எடுங்கள்: பிட்சரின் கை. என்.சி.ஏ.ஏ.வில் கட்டாயப் பந்து வரம்பு கிடையாது. பிட்சர்களின் கையைக் காப்பதற்கான பிட்ச் ஸ்மார்ட் வழிகாட்டி 19 முதல் 22 வயதுக்கு ஒரு நாளில் 120 பந்து என்கிறது; 31 முதல் 45 வரை எறிந்தால் ஒரு நாள் ஓய்வு, 61 முதல் 80 வரை மூன்று நாள், 105-க்கு மேல் ஐந்து நாள். தவறு நடப்பது தேசியப் போட்டியின் முதல் கட்டமான ரீஜனல் சுற்றில். நாலு அணி, இரண்டு தோல்வியில் வெளியே. வெள்ளிக்கிழமை தோற்ற அணி திங்களுக்குள் தொடர்ந்து நாலு ஆட்டம் ஜெயிக்க வேண்டும். வெள்ளியன்று 100 பந்து எறிந்தவனைத் திங்களன்று மறுபடி இறக்குகிறார்கள். அவனும் மாட்டேன் என்று சொல்ல மாட்டான். முழங்கைத் தசைநார் கிழிந்தால் டாமி ஜான் அறுவை, பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம். இறுதிக் கட்டமான கல்லூரி உலகத் தொடர் நடக்கும் ஒமாஹாவுக்குப் போகும் ஆசையில் பிள்ளைகளின் கையைச் செலவழிப்பதை நான் ஏற்க மாட்டேன்.

ஒமாஹா என்றதும் பழைய ரோசன்பிளாட் மைதானம் நினைவுக்கு வருகிறது. 1950 முதல் 2010 வரை கல்லூரி உலகத் தொடர் அங்கேதான். அலுமினிய மட்டையில் பந்து தெறித்த காலம். 1998 இறுதி ஆட்டம் யு.எஸ்.சி. 21, அரிசோனா ஸ்டேட் 14. 2011-ல் பி.பி.கோர் தரம் வந்து மட்டையின் துள்ளலை அடக்கியபின் ஒரு ரன்னுக்காகப் பந்தைத் தட்டி வைக்கும் ஆட்டம் திரும்ப வந்தது. ஃப்ளோரிடா ஸ்டேட்டின் மைக் மார்ட்டின் 40 வருடத்தில் 2,029 வெற்றி பெற்று 2019-ல் ஓய்வு பெற்றார், ஒமாஹாவில் பட்டம் ஒன்றுகூட இல்லை. அவரை யாரும் தோற்றவர் என்று சொல்வதில்லை.

படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. 12 மாதம், வேலையில்லாமல் இருக்கலாம் என்ற நாள்கள் மொத்தம் 90. அடுத்து எச்-1பி என்ற வேலை விசா. லாப நோக்கில்லாத கல்லூரிகளுக்குக் குலுக்கல் கிடையாது, அது நல்ல செய்தி. சிக்கல் வேறு இடத்தில்: "ஏதாவது ஒரு பட்டம் போதும்" என்று விளம்பரம் செய்த கோச் பதவிக்கு எச்-1பி நிற்பது மிகக் கடினம், குறிப்பிட்ட துறைப் பட்டம் தேவை என்பது அந்தப் பதவியிலேயே இருக்க வேண்டும். ஆகவே புள்ளியியல் பாடங்கள் எடுங்கள். பந்தின் வேகத்தையும் சுழற்சியையும் அளக்கும் டிராக்மேன், ராப்சோடோ கருவிகளின் தரவைப் படித்துச் சொல்லும் ஆளை அணிகள் தேடுகின்றன. அந்தப் பதவிக்குப் பட்டத்தோடு நேரடித் தொடர்பும் காட்டலாம். ஆனால் பயிற்சியாளர் எண்ணிக்கையில் சேராத ஊழியர் மைதானத்தில் என்ன சொல்லிக்கொடுக்கலாம் என்பதற்கும் விதி உண்டு. சேரும்முன் விதிகளைக் கவனிக்கும் கல்லூரியின் கம்ப்ளையன்ஸ் அலுவலகத்தில் கேளுங்கள்.

முதலில் அந்த அண்ணனுக்கு இன்றைக்கே "விசா அனுமதிக்காது, வர முடியாது அண்ணா" என்று ஒரு செய்தி அனுப்புங்கள். காரணம் விளக்க வேண்டியதில்லை. பிறகு உங்கள் கல்லூரி ஹெட் கோச்சுக்கு எழுதி, பயிற்சியை வேலிக்கு வெளியே நின்று பார்க்க அனுமதி கேளுங்கள். பார்ப்பது வேலை ஆகாது. "சார்" வேண்டாம், "கோச்" என்று கூப்பிட்டால் போதும். ஒரு நோட்டுப் புத்தகம் கொண்டுபோய், ஒவ்வொரு பத்து நிமிடமும் யார் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதிக்கொண்டு வாருங்கள். ஜனவரியில் அமெரிக்க பேஸ்பால் பயிற்சியாளர் சங்கமான ஏ.பி.சி.ஏ. வருடாந்திர மாநாடு நடக்கும். சிறிய கல்லூரிகளின் உதவியாளர் இடங்கள் பல அங்கே கூடத்து வாசலில் பேசி முடிகின்றன. ஒரே பக்கத்தில் விவரக்குறிப்பு எடுத்துக்கொண்டு போங்கள். அதன் முதல் வரியில் உங்கள் விசா நிலையையும், வேலை பார்க்க அனுமதி எந்தத் தேதியிலிருந்து என்பதையும் எழுதிவிடுங்கள்.